வட்டம் வேண்டாம், ஒரு பலகை போதும்: வீட்டு ரயில் பாதை கேட்ட ஜெலுத்தோங் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பினாங்கு ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு. 10 அடிக்கு 9 அடியில் ஓர் அறை காலியாகிறது. 11 வயது மகனோடு சேர்ந்து மாதிரி ரயில் பாதை அமைக்க ஆசை. 8க்கு 4 அடி ப்ளைவுட் பலகை வாங்கி, எச்ஓ (HO) என்ற மாதிரி அளவில் ஒரு வட்டப் பாதை போட்டால் சரியா? நம்ம கேடிஎம் (மலாயா ரயில்வே) ரயில் மாதிரி வருமா? கையில் 2500 ரிங்கிட் இருக்கிறது, போதுமா?

அந்தப் பலகையை வாங்காதீர்கள். முதலில் இடக் கணக்கைப் பாருங்கள். 8க்கு 4 பலகை அந்த அறைக்குள் போனால் நீளவாக்கில் 2 அடி, குறுக்கே 5 அடி மிச்சம். கதவு உள்பக்கம் திறந்தால் அதிலும் பாதி போய்விடும். மூலையில் சுவரோடு ஒட்டிப் போட்டால் உள்பக்க வளைவு 4 அடி தள்ளிப் போகும். வளர்ந்த ஆளுக்கே 75 செ.மீ. தாண்டிக் குனிந்து வேலை செய்வது சிரமம், பையனுக்கு எட்டவே எட்டாது. வட்டப் பாதையில் வண்டி தடம் புரள்வது பெரும்பாலும் வளைவில், அந்த வளைவுதான் உங்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும்.

இடத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நான் கோலாலம்பூரில் முதன்முதலில் போட்டதும் வட்டம்தான். அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர், வண்டி மூன்று சுற்று சுற்றும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "இந்த வண்டி எங்கப்பா போகுது? என்ன ஏத்திக்கிட்டுப் போகுது?" என்னிடம் பதில் இல்லை. அடுத்த மாதமே அந்த வட்டத்தைக் கழற்றிவிட்டேன். அதற்குப் பிறகு நான் போட்ட ஒவ்வொரு பாதையையும் அந்த இரண்டு கேள்விக்கும் பதில் எழுதிவிட்டுத்தான் போட்டேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். வண்டிக்கு வேலை இருந்தால் 4 அடிப் பலகையிலும் வருடக்கணக்கில் ஓட்டலாம். வேலை இல்லாவிட்டால் அறை முழுக்கப் பாதை போட்டாலும் இரண்டே வாரத்தில் பையன் கைப்பேசிக்குத் திரும்பிவிடுவான்.

அதனால் முதல் கட்டமாக 120 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலத்தில் ஒரே ஒரு பலகை. அதில் இங்கிள்நூக் என்று இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் எல்லாரும் அறிந்த ஷண்டிங் அமைப்பை, அதாவது வேகன்களைப் பிரித்தும் கோத்தும் இடம் மாற்றும் தடத்தைப் போடுங்கள். ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் வகுத்தது. தடம் பிரியும் பாயிண்ட் இரண்டே, வேகன்கள் நிற்கும் பக்கத் தடமான சைடிங் மூன்று. ஒரு சைடிங்கில் 5 வேகன் நிற்கும், மற்ற இரண்டிலும் மும்மூன்று. எதிர்ப்பக்கத்தில், அப்பால் வழியில்லாத முட்டுப் பாதையில் எஞ்சினும் 3 வேகனும் மட்டுமே அடங்கும். மொத்தம் 8 வேகன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. சீட்டைக் குலுக்கி ஐந்தை எடுத்து, வந்த வரிசைப்படியே அந்த ஐந்து வேகன்களையும் நீளச் சைடிங்கில் கோத்து நிறுத்த வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கும். 8 வேகனிலிருந்து 5 வேகனை வரிசையாக நிறுத்த 6720 விதம் உண்டு. முட்டுப் பாதையில் மூன்றுக்கு மேல் இழுக்க முடியாது என்பதால் ஒவ்வொரு முறையும் யோசித்துத்தான் நகர்த்த வேண்டும். என் வீட்டில் ஓர் ஆட்டம் முடிய 10 நிமிடமும் ஆகியிருக்கிறது, 40 நிமிடமும் ஆகியிருக்கிறது.

எச்ஓவைவிடச் சிறிய 'என்' (N) என்ற அளவில் இது அழகாக அடங்கும். ஒரு வேகன் கொக்கியோடு 7 செ.மீ. என்று வையுங்கள். ஐந்துக்கு 35 செ.மீ. எஞ்சின் 12, அதோடு மூன்று வேகன் 21, ஆக முட்டுப் பாதைக்கு 33. பாயிண்ட் ஒன்று 12, 13 செ.மீ., இரண்டுக்குமாக 25. கூட்டினால் 93 செ.மீ. இரு முனையிலும் தாராளமாக இடம் மிஞ்சும். வேகன்களைக் கழற்ற சத்தே குச்சி போதும். கூர்முனையைக் கொக்கிக்குள் விட்டு லேசாகத் திருப்பினால் கழன்றுவிடும்.

எச்ஓவா, என்-ஆ என்ற கேள்விக்கு இதிலேயே பாதி பதில் வந்துவிட்டது. எச்ஓ 1:87, அதாவது நிஜ வண்டியில் 87-இல் ஒரு பங்கு. 'என்' 1:160. ஜப்பான்காரர்கள் தங்கள் குறுகிய பாதை வண்டிகளை 1:150-இல் செய்து அதே 9 மி.மீ. தடத்தில் ஓட்டுகிறார்கள். 20 மீட்டர் பயணிகள் பெட்டி எச்ஓவில் 23 செ.மீ., ஜப்பான் 'என்' அளவில் 13 செ.மீ. சொச்சம். எஞ்சினோடு ஐந்து பெட்டி கோத்தால் எச்ஓவில் ஒன்றரை மீட்டரை நெருங்கும், 'என்' அளவில் 80 செ.மீ.யில் முடிந்துவிடும். வளைவும் அப்படித்தான். நீளமான பெட்டியின் நீளத்தைப்போல் இரண்டரை மடங்காவது வளைவின் ஆரம் இருந்தால் நம்பி ஓட்டலாம், மூன்று மடங்கு என்றால் பார்க்கவும் நன்றாக இருக்கும். 'என்' அளவில் அது 33 முதல் 40 செ.மீ. எச்ஓவில் 58 முதல் 70 செ.மீ. உங்கள் அறைக்கு என்-தான்.

"நம்ம கேடிஎம் மாதிரி வருமா" என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். கேடிஎம் மீட்டர் பாதை, தண்டவாள இடைவெளி 1000 மி.மீ. 1:150-இல் அது 6.7 மி.மீ. வர வேண்டும். நாம் ஓட்டப்போவது 9 மி.மீ. மேல், அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலம். நேர் மேலிருந்து பார்த்தால் தெரியும், பலகை நெஞ்சு உயரத்தில் இருந்து பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. துல்லியம்தான் முக்கியம் என்பவர்கள் 1:87-இல் 12 மி.மீ. தடம் போடுவார்கள், கணக்குப்படி 1044 மி.மீ. வரும். 9 மி.மீ. தடத்தை வைத்துக்கொண்டே வண்டிகளை 1:120-இல் செய்கிறவர்களும் உண்டு, அது 1080 மி.மீ. இரண்டுக்கும் வண்டியின் மேற்கூட்டை நீங்களே செய்ய வேண்டியிருக்கும். முதல் வருடத்தில் அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கடையில் கிடைக்கும் வண்டிகளிலேயே நம் ஊர்த் தொடர்பு உள்ளவை உண்டு. ஜப்பானில் ஓய்வு பெற்ற 14 வரிசை நீலத் தூங்கும் பெட்டிகள் சில கேடிஎம்முக்கு வந்து, சக்கர இடைவெளி மாற்றப்பட்டு இங்கே ஓடின. அந்த 14 வரிசை 'என்' அளவில் ஜப்பான் தயாரிப்பாகவே கிடைக்கிறது. ஜப்பான் சரக்கு வேகன்களில் சிமெண்ட், எண்ணெய், கொள்கலன் மூன்றும் உண்டு. பெயரை மாற்றி, கொஞ்சம் செம்மண் நிறம் பூசினால் நம் ஊர் வேகன் ஆகிவிடும். இன்னொன்றும் சொல்ல ஆசை: 1990-களில் இந்திய ரயில்வேயின் ஒய்டிஎம்4 டீசல் எஞ்சின்கள் குத்தகைக்கு இங்கே வந்து ஓடின. தமிழ்நாட்டு மீட்டர் பாதைகளில் ஓடிய அதே வகை. அதைத்தான் இப்போது ஒரு ஜப்பான் எஞ்சினின் அடிப்பாகத்தின் மேல் பிளாஸ்டிக் தகட்டில் செய்துகொண்டிருக்கிறேன்.

முதல் பலகை ஓடத் தொடங்கி ஆறு மாதம் கழித்து அதை நீட்டலாம். அப்போதுதான் அந்த அறை பயன்படும். எல் வடிவத்தில் இரண்டு சுவரோரம் அலமாரி மாதிரி போகட்டும். 10 அடிச் சுவரில் கடைசி ஸ்டேஷன், 9 அடிச் சுவரில் 20 செ.மீ. அகலத்தில் மறைவான நிறுத்தம். மறைவான நிறுத்தம் என்பது நாலைந்து நேர்த் தடம்தான், முன்னால் ஒரு தடுப்புப் பலகை. அதுதான் "மற்ற ஊர்கள்". அங்கிருந்து வண்டி வரும், அங்கேயே போய் மறையும். முதலில் செய்த இங்கிள்நூக் பலகை ஸ்டேஷனின் சரக்குப் பகுதியாக ஆகிவிடும், எதுவும் வீணாகாது.

எந்த ஸ்டேஷன் என்று கேட்டால், நீங்கள் இருக்கும் ஊருக்கே ஒரு கதை இருக்கிறது. ஜார்ஜ்டவுனில் வெல்ட் கீ பக்கம் மணிக்கூண்டோடு நிற்கும் கஸ்டம்ஸ் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1907-இல் ரயில்வேக்காகக் கட்டியது. தண்டவாளமே இல்லாத ஸ்டேஷன். அங்கே டிக்கெட் வாங்கி, ஃபெரியில் ஏறி, அக்கரையில் பிறையில்தான் அந்தக் காலத்தில் ரயில் ஏற வேண்டியிருந்தது. இதைவிட நல்ல கரு மாதிரி ரயிலுக்குக் கிடைக்காது. பலகையின் முன் ஓரத்தில் ஒரு படகுத்துறை, பக்கத்தில் இரண்டு பிளாட்ஃபாரம். ஃபெரி வந்து சேரும் நேரம்தான் உங்கள் அட்டவணைக்கு ஆதாரம். ஃபெரி தாமதமானால் மெயில் வண்டி காத்திருக்க வேண்டும், அது காத்திருந்தால் எதிரே வரும் சரக்கு வண்டி எங்கே நிற்கும்? சரக்குக்கும் குறைவில்லை. ஈப்போ பக்கத்துச் சிமெண்ட், பாடாங் பெசார் வழியாகத் தாய்லாந்து போய்வரும் கொள்கலன்கள், துறைமுகத்து எண்ணெய். எங்கே போகிறது, என்ன ஏற்றுகிறது என்ற கேள்விகளுக்கு அந்தக் கரையிலேயே பதில் இருக்கிறது.

இனி நம் தட்பவெப்பம். குளிர் நாட்டுக்காரர்கள் சொல்லித் தரும் முறைகளில் பாதி இங்கே பொருந்தாது, அதனால் இதில் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன். பினாங்கில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். பகலில் அறை மூடிக் கிடந்து, இரவில் ஏர்கான் ஓடினால் மரம் தினமும் ஈரம் குடித்துத் தினமும் காயும். தண்டவாளம் வெயிலில் நீளுவதைவிட அதன் கீழே மரம் அசைவதுதான் வீட்டுப் பாதையை அதிகம் கோணலாக்குகிறது. மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை வேண்டவே வேண்டாம், ஓரத்தில் ஈரம் ஏறினால் ரொட்டி மாதிரி உப்பும். 9 மி.மீ. ப்ளைவுட் எடுத்து மேல், கீழ், நான்கு ஓரம் என எல்லாப் பக்கமும் இரண்டு கை பெயிண்ட் அடியுங்கள். வெட்டிய ஓரங்களுக்கு மூன்று கை. அதன் மேல் ஒரு அங்குல நுரைப் பலகை. குளிர்பதன அறைகளுக்குப் போடும் நீலம் அல்லது இளஞ்சிவப்பு நிற அடர்த்தியான வகை, குண்டு குண்டாக உதிரும் வெள்ளை வகை அல்ல. ஈரம் அதை ஒன்றும் செய்யாது, சத்தத்தையும் குறைக்கும்.

பலகைக்கு மரக்கால் வைக்காமல் சுவரில் இரும்புத் தாங்கி அடித்து மாட்டுங்கள். செந்தூல் வீட்டில் ஒரு மரக்கால் வழியாகக் கரையான் ஏறி, நான் கவனிப்பதற்குள் அடிச்சட்டத்தில் ஒரு முழ நீளத்தைத் தின்றுவிட்டது. தரையிலிருந்து 110 செ.மீ. உயரம் வையுங்கள். 11 வயதுப் பையனுக்கு நெஞ்சளவு வரும், அவன் கண்ணுக்கு வண்டி உண்மையான வண்டி போல் தெரியும். பல்லிக்கும் வழி செய்ய வேண்டும். அதன் எச்சம் பெயிண்டையும் தண்டவாளத்தையும் அரிக்கும். ஓட்டாத நேரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு போதும், ஆனால் மழை நாளில் அடியில் ஈரம் தங்காதபடி இரு முனையையும் திறந்து விடுங்கள்.

தடம் வாங்கும்போது நிக்கல் சில்வர் தண்டவாளம் என்று கேட்டு வாங்குங்கள். எஃகுத் தண்டவாளம் இங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும். அழுக்கு எடுக்க மணல்தாள் போடாதீர்கள், கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். சுத்தமான துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி ஒற்றி எடுங்கள். ஸ்பிரிட் வைத்துத் துடைத்த காலத்தில் வாரம் ஒரு முறை துடைப்பேன், இப்போது மாதம் ஒரு முறை. துடைக்கும்போது கரண்டை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கரண்ட் விஷயத்தில் ஒன்றே ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். வண்டியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர்களில், ஜப்பானில் விற்பவை பல 100 வோல்ட்டுக்கானவை. நம் சுவரில் வருவது 240. அடாப்டர் முனை மாற்றி நேராகச் செருகினால் அந்த நொடியே புகையும். என் முதல் கன்ட்ரோலர் அப்படித்தான் போனது, ஒரு வாரம் கழித்தும் அறையில் வாடை இருந்தது. பின்புறம் எழுதியிருக்கும் வோல்ட் எண்ணைப் படித்துவிட்டுத்தான் செருக வேண்டும். 100 என்றிருந்தால் இடையில் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். மின்னல் மழை நேரத்தில் பிளக்கையே கழற்றி வையுங்கள்.

டிசிசி எனப்படும் எண்முறைக் கட்டுப்பாடு நல்ல முறைதான். ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனி எண், ஒரே தடத்தில் இரண்டு எஞ்சினைத் தனித்தனியாக ஓட்டலாம். ஆனால் ஓர் எஞ்சின் ஓடும் பலகைக்கு அது தேவையில்லை, சாதாரண நேர்மின் கன்ட்ரோலர் போதும். பின்னால் மாற நினைத்தால் இப்போதே ஒயர் போடும் விதத்தில் கவனம் வையுங்கள். பலகைக்கு அடியில் 1.5 சதுர மி.மீ. கம்பி இரண்டு, சிவப்பும் கறுப்பும், நீளவாக்கில் ஓடட்டும். வீட்டு வயரிங்குக்கு ஹார்ட்வேர் கடையில் விற்கும் அதே கம்பிதான். மேலே ஒவ்வொரு மீட்டருக்கும் மெல்லிய ஒயரைத் தண்டவாளத்தின் வெளிப்பக்கம் ஈயம் பற்றவைத்து அதோடு சேர்த்துவிடுங்கள். தண்டவாளங்களை இணைக்கும் தகட்டை மட்டும் நம்பினால் இந்த ஈரக்காற்றில் ஒரே வருடத்தில் தொடர்பு தளர்ந்து, வண்டி அங்கங்கே திக்கும். டிசிசி போட்ட பிறகு ஒரு 20 சென் காசைத் தண்டவாளத்துக்குக் குறுக்கே வைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் வைத்தாலும் கன்ட்ரோலர் உடனே தானாக அணைய வேண்டும். அணையாத இடத்தில் ஒயர் போதவில்லை.

காட்சி அமைப்பில் பையனுக்குத்தான் ஆர்வம் அதிகம் இருக்கும், அதை அவனிடமே விட்டுவிடுங்கள். செம்பனைத் தோட்டம் போடுவதாக இருந்தால் ஓர் அளவு சொல்கிறேன். தோட்டத்தில் கன்றுகளை முக்கோணமாக, சுமார் 9 மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். 1:150-இல் அது 6 செ.மீ. அதே முக்கோண ஒழுங்கில் 7 செ.மீ. உயர மரங்களை நட்டால், யாரிடமும் சொல்லாமலே இது மலாயா என்று தெரிந்துவிடும். இங்கொன்றும் அங்கொன்றுமாக நட்டால் வேறு எந்த நாடாகவும் இருக்கலாம். மண்ணுக்கு நம் செம்மண்ணையே நன்றாகச் சலித்து, அடுப்பில் சூடாக்கி ஆறவைத்துப் பயன்படுத்துங்கள், பூஞ்சை வராது. போடுமுன் ஒரு காந்தத்தை அதன் மேல் நாலைந்து முறை ஓட்டுங்கள். மண்ணில் இருக்கும் இரும்புத் துகள் எஞ்சின் மோட்டாருக்குள் போனால் மோட்டார் கெடும்.

இப்போது ஓட்டுவது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒற்றைத் தடத்தில் எதிரெதிர் வண்டி மோதாமல் இருக்க அந்தக் காலத்தில் சாவி டோக்கன் இருந்தது. இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே உள்ள தடத்துக்கு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு டோக்கன்தான் வெளியே வரும். இரு ஸ்டேஷன் இயந்திரங்களும் மின்சாரத்தால் பூட்டப்பட்டிருப்பதால் இரண்டாவதை எடுக்க முடியாது. டோக்கன் கையில் இல்லாமல் எந்த டிரைவரும் அந்தத் தடத்தில் நுழையக் கூடாது. பெரிய வளையத்தில் கோத்து, ஓடும் எஞ்சினில் இருப்பவர் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கிக்கொண்டு போவார். சிங்கப்பூர் புக்கிட் தீமா ஸ்டேஷனில் 2011 ஜூன் கடைசி வரை இது நடந்தது. அப்பாவோடு போய் அங்கே நின்று பார்த்திருக்கிறேன். வளையம் கை மாறிய அந்தக் கணத்தில் அப்பா பேச்சை நிறுத்திவிட்டார்.

வீட்டில் இதைச் செய்ய ஒரு பழைய சாவியும் தடித்த கம்பி வளையமும் போதும். பையன் ஸ்டேஷன் மாஸ்டர், நீங்கள் டிரைவர். மறைவான நிறுத்தத்துக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் வண்டி ஓட அந்தச் சாவி உங்கள் கையில் இருக்க வேண்டும். அவன் கொடுக்காமல் நீங்கள் கன்ட்ரோலரைத் திருப்பக் கூடாது, அப்பாவாக இருந்தாலும். கடிகாரத்தை உடனே வேகப்படுத்த வேண்டாம். முதலில் வரிசை அட்டவணை: ஃபெரி வருகிறது, மெயில் புறப்படுகிறது, சிமெண்ட் வந்து சேருகிறது, காலி வேகன்கள் திரும்புகின்றன. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. பன்னிரண்டு வரி எழுதினால் ஒரு மாலைப்பொழுது ஓடிவிடும். அது பழகிய பிறகு நிஜத்தின் 10 நிமிடத்தை ஒரு மணி நேரமாகக் கணக்கிடும் கடிகாரத்துக்கு மாறலாம். வேகன் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு அட்டை, அதில் எங்கிருந்து எங்கே, என்ன சரக்கு என்று எழுதிவிடுங்கள். சீட்டுக் குலுக்குவதற்குப் பதில் அந்த அட்டைகளே ஷண்டிங் வேலையைச் சொல்லும்.

பணம். முதல் பலகைக்கு 2500 ரிங்கிட் போதும், எல் வடிவம் முழுவதற்கும் போதாது. எஞ்சின் ஒன்றே ஒன்று, ஆனால் மெதுவாக, திக்காமல் நகரக்கூடிய நல்ல எஞ்சின். பாயிண்ட் இரண்டையும் மலிவாக வாங்காதீர்கள், இந்தப் பலகையில் தடம் புரள்வதில் பெரும்பங்கு அங்கேதான். வேகன்கள் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. வெளிநாட்டுக் கடையில் ஆன்லைனில் வாங்கும்போது, 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருளுக்கும் 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. கப்பல் கட்டணத்தோடு அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சுவரில் துளை போடும் முன் சாக்கெட்டுக்குப் போகும் ஒயர் எந்த வழியாக ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அறையை அளந்து, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னல் எந்தச் சுவரில், மாலை வெயில் எங்கே விழுகிறது என்ற மூன்றையும் எழுதுங்கள். எல்-இன் குட்டைக் கை எந்தச் சுவரில் வர வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும். தாளில் வரைந்து அனுப்புகிறேன்.